சுவரை நக்கிய ஆடுகள்: ஒரு கொட்டகையின் உப்புக் கணக்கு

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில் பால் வெள்ளாடு வளர்க்கும் சிறு கொட்டகை ஒன்றில் நடந்தது இது. பண்ணையின் பெயர் இங்கே தேவையில்லை. தீவனம் பற்றி யோசனை கேட்க முதலாளி என்னை அவ்வப்போது கூப்பிடுவார். இந்த முறை அவர் கேட்டது தீவனத்தைப் பற்றி அல்ல. "பால் குறையுது, ஆடுங்க நடத்தையும் சரியில்ல. வந்து பாருங்க" என்றார்.

நடத்தை என்று அவர் சொன்னது நக்குவதை. ஆடுகள் சுவரின் சுண்ணாம்புப் பூச்சை நக்கின. இரும்புக் கதவின் கம்பிகளை நக்கின. ஓர் ஆடு சிறுநீர் கழிக்கும்போது இன்னொன்று முகத்தை நீட்டி அதைக் குடித்தது. கறவை பார்க்கும் தொழிலாளி அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். அவருடைய முழங்கையை விட்டு ஆடுகள் நகரவில்லை. பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் "எவ்வளவு பாசம்!" என்று படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். அவர் சிரித்தார்.

"பாசமெல்லாம் இல்ல சார். சட்டையக் கழட்டி மாட்டிப் பாருங்க, அக்குள் பக்கமாத்தான் சப்புது. காலர் பக்கம் போறதே இல்ல."

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதித் துப்பு இருந்தது. வியர்வை காய்ந்து உப்புப் பூத்த இடத்தை ஆடு தேர்ந்தெடுக்கிறது. துணிக்காகவோ மனிதனுக்காகவோ அது வரவில்லை. ஆனால் துப்பு வேறு, நிரூபணம் வேறு. ஆடு கண்டதை நக்குவதற்குக் காரணங்கள் பல.

முதலில் விலக்கியவை

ஈரமான வெப்பநாட்டில் ஆடு மெலிந்து, பால் குறைந்து, மண்ணையும் சுவரையும் வாயில் வைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குடற்புழுவை, அதிலும் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹேமாங்கஸ் புழுவை. அந்தப் புழு இருந்தால், கீழ் இமையைப் புரட்டிப் பார்க்கும்போது உட்சவ்வு வெளுத்திருக்கும். இங்கே இமைகள் நல்ல சிவப்பு. ஆடுகள் தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளத்தில் நிற்கின்றன, வெளியே மேய்வதில்லை. புழுவுக்கு வாய்ப்புக் குறைவு, சாணப் பரிசோதனையும் அதையே சொன்னது.

அடுத்தது பாஸ்பரஸ். பாஸ்பரஸ் குறைந்த மாடு எலும்பைக் கடிக்கும். தென்னாப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் 1920களில் ஆர்னால்ட் தெய்லரின் குழு இதைத் தெளிவாகக் கண்டறிந்தது. செத்த விலங்கின் எலும்பைக் கடித்த மாடுகள் அதிலிருந்த பாட்டுலிசம் என்ற கிருமி நஞ்சால் மடிந்தன. நம் ஆடுகள் எலும்பையோ மரத்தையோ கடிக்கவில்லை. நக்கின, அவ்வளவுதான். நார்ச்சத்துக் குறைந்தால் ஆடு மரப்பட்டையையும் சக ஆட்டின் மயிரையும் மெல்லும். அதுவும் இங்கே இல்லை.

பிறகு யார் நக்குகிறார்கள் என்று பார்த்தோம். நான் எதிர்பார்த்ததைவிடச் சுவாரசியமான விடை கிடைத்தது. அதிகம் நக்கியவை அதிகப் பால் கொடுப்பவையும், முதல் ஈற்று ஈன்ற இளம் ஆடுகளும். கிடாக்கள் சும்மா நின்றன. பால் வற்றிய ஆடுகள் எப்போதாவது நக்கின. கொட்டகை முழுக்க ஒரே தீவனம்தான் என்றாலும் பால் கறப்பவைதான் தேடின. எதையோ பாலில் இழக்கின்றன, தீவனத்தில் திரும்பப் பெறவில்லை என்று அர்த்தம்.

உப்பில் உடம்பு தேடும் பொருள் சோடியம். ஆட்டுப்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ அரை கிராம் சோடியம் இருக்கிறது. மூன்று லிட்டர் கறக்கும் ஆடு தினம் ஒன்றரை கிராமை மடிவழியே கொடுத்துவிடுகிறது. தட்டுப்பாடு வந்தால் பாலில் சோடியத்தைக் குறைத்துவிட்டு ஆடு தப்பிக்குமா என்றால், முடியாது. பாலின் சேர்மானம் அவ்வளவாக மாறாது, பாலின் அளவுதான் குறையும்.

தொட்டியில் என்ன மாறியது

முதலாளி முதலில் "ஒண்ணும் மாத்தல" என்றார். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். பேச்சு நீண்டபோது விவரம் வந்தது. பெல்லட் எனப்படும் ஆலைத் தீவன உருண்டைகளின் விலை ஏறியதால் அதன் அளவைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தார். ஈடுகட்ட தோஃபு தொழிற்சாலையிலிருந்து சோயாச் சக்கையும், ஜோகூர்ப் பக்கமிருந்து நறுக்கிய மக்காச்சோளத் தட்டையும் வந்துகொண்டிருந்தன. புரதம் போதும், நார் போதும், செலவும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத மாற்றம்.

பெல்லட்டில் ஆலைக்காரர்கள் உப்பைக் கலந்தே தருகிறார்கள். சோயாச் சக்கையில் அது கிடையாது. 100 கிராம் ஈரச் சக்கையில் சோடியம் 10 மில்லிகிராமுக்கும் கீழே, பொட்டாசியம் 200 மில்லிகிராமுக்கும் மேலே. மக்காச்சோளமும் அந்த ரகம்தான். உறிஞ்சும் சோடியத்தைப் பெரும்பாலும் வேரோடு நிறுத்திவிட்டு இலைக்கும் தண்டுக்கும் அனுப்பாத பயிர் அது. உலர் எடையில் 0.02 சதவீதம் சோடியம் உள்ள தீவனத்தை ஆடு 2 கிலோ தின்றாலும் கிடைப்பது 0.4 கிராம். பாலில் மட்டுமே ஒன்றரை கிராம் போகிறது. பொட்டாசியம் மிகுந்த தீவனம் இந்தத் தட்டுப்பாட்டை இன்னும் மோசமாக்கும்.

தொழிலாளிக்கு ஒரு சந்தேகம். "சுத்திக் கடல் சார். நின்னா ஜலசந்தி தெரியுது. இங்க உப்புக்குப் பஞ்சமா?"

நியாயமான கேள்வி. 2008இல் மைக்கேல் காஸ்பரியும் அவருடைய குழுவினரும் எறும்புகளிடம் இதையே கேட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஊறிய பஞ்சுகளை வைத்து எது எதற்கு வருகிறது என்று எண்ணினார்கள். கடற்கரைக்கு அருகே எறும்புகள் உப்பைச் சட்டைசெய்யவில்லை. கண்டத்தின் உட்பகுதிக்குப் போகப் போக உப்புக்கு வந்தவை கூடிக்கொண்டே போயின. கடற்காற்றும் மழையும் கரையோர நிலத்துக்கு உப்பைக் கொண்டுவருகின்றன, உள்நாட்டுக்கு எட்டுவதில்லை. அதோடு, செடி தின்னும் எறும்புகளுக்கே இந்த ஆசை அதிகம். பிற பூச்சிகளை வேட்டையாடும் எறும்புகளுக்கு இரையின் உடம்பிலேயே உப்பு இருக்கிறது.

ஆனால் நம் ஆடு கடலோரத்தில் நின்றாலும் கடலோரத்தில் மேய்வதில்லை. அதன் உணவு வேறெங்கோ விளைந்து லாரியில் வருகிறது. ஆட்டின் உப்புக் கணக்கில் அந்த வயல்தான் அதன் ஊர், கொட்டகை நிற்கும் லிம் சூ காங் அல்ல. மழை அதிகமான தீபகற்ப மலேசியாவின் உட்காடுகளில் மண்ணிலிருந்து சோடியம் கழுவிப் போய்விடுகிறது. அங்குள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் 'ஜெனூட்' எனப்படும் உப்பு ஊற்றுகளுக்கு, பன்றி போன்ற தாப்பிரும் கடமானும் இரவில் வந்து சேற்றை நக்குவதும், அவற்றைப் பார்க்கப் பயணிகள் மரக்குடில்களில் விழித்திருப்பதும் இதனால்தான்.

இரத்தம் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு

மருத்துவர் இரத்தம் எடுத்தார். சோடியம் இயல்பான அளவில் இருந்தது. முதலாளிக்கு நிம்மதி, கூடவே எரிச்சலும்: "உப்பு சரியாத்தானே இருக்கு? பின்ன என்ன?"

இங்கேதான் பலர் வழுக்குவார்கள் என்பது என் அனுபவம். இரத்தத்தில் சோடியம் குறைவது கடைசிக் கட்டம். உடம்பு மற்ற எதையும் விட்டுக்கொடுத்து அந்த எண்ணைக் காக்கும். அசை போடும் விலங்குக்கு இதற்கென்றே ஒரு பெரிய சேமிப்புக் கணக்கு இருக்கிறது, முதல் இரைப்பை. ஆடு நாளுக்குப் பல லிட்டர் எச்சிலைச் சுரந்து விழுங்குகிறது. சோடியம் பைகார்பனேட் நிறைந்த அந்த எச்சில் இரைப்பையின் புளிப்பைச் சமன் செய்துவிட்டு மீண்டும் உறிஞ்சப்படுகிறது. சோடியத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீரில் சோடியம் போவதை அடைக்கிறது. எச்சிலிலும் சோடியத்தை மிச்சம் பிடித்து அதன் இடத்தில் பொட்டாசியத்தை அனுப்புகிறது. நல்ல நிலையில் எச்சிலில் சோடியம் பொட்டாசியத்தைவிடப் பல மடங்கு அதிகம். தட்டுப்பாடு முற்றினால் இந்த விகிதம் தலைகீழாகிவிடும். அப்போதும் இரத்தம் இயல்பாகவே இருக்கும்.

அதனால் எச்சிலைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு துண்டுப் பஞ்சை இடுக்கியில் பிடித்து ஆட்டின் கன்னத்துக்குள் வைத்து ஊறவிட்டுப் பிழிந்தால் போதும். தீவனம் தின்ற கையோடு எடுக்கக் கூடாது, வாயைக் கழுவிவிட்டுச் சற்றுப் பொறுத்து எடுக்க வேண்டும். முடிவு வந்தது. அதிகம் நக்கிய ஆடுகளில் பொட்டாசியம் ஏறி சோடியம் இறங்கியிருந்தது. கிடாக்களில் விகிதம் சரியாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆடுகளின் சிறுநீரில் சோடியம் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும், ஆல்டோஸ்டிரோன் விடாது. ஆக, ஒன்றின் மூத்திரத்தை ஒன்று குடித்ததில் பெரிய வரவு ஒன்றும் இருந்திருக்காது.

நான்கு வாளிகள்

எச்சில் பரிசோதனையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆடு உண்மையிலேயே சோடியத்தைத் தேடுகிறதா, அல்லது சலிப்பில் எதையாவது நக்குகிறதா என்பதை ஆட்டிடமே கேட்க வழி இருக்கும்போது விட மனமில்லை. நான்கு வாளிகள் வைத்தோம். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் லிட்டருக்குப் பத்து கிராம்போலச் சாதாரண உப்பு. ஒன்றில் சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட். ஒன்றில் பொட்டாசியம் குளோரைடு. ஆடு இடத்துக்குப் பழகும் பிராணி, வலது ஓர வாளிதான் தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டால் அதில் எது இருந்தாலும் குடிக்கும். அதனால் இடத்தை மாற்றி மாற்றி வைத்தோம்.

நக்கிய ஆடுகள் நேராக உப்புத் தண்ணீருக்குப் போயின. சோடா உப்பும் காலியானது. பொட்டாசியம் வாளியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையை உதறின. கிடாக்கள் வெறும் தண்ணீரோடு திருப்தி.

சோடா உப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அதை மட்டும் வைத்திருந்தால் முடிவு சொல்லியிருக்க முடியாது. தானியம் மிகுதியாகத் தின்று இரைப்பை புளித்த ஆடும் சோடா உப்பைத் தேடிக் குடிக்கும், அங்கே அது தேடுவது புளிப்பை முறிக்கும் மருந்தை. சாதாரண உப்புக்கு அந்த வேலை தெரியாது. இரண்டையும் குடித்து, பொட்டாசியத்தை ஒதுக்கியதால்தான் தேடியது சோடியம் என்று உறுதியானது.

இந்த வாளிச் சோதனையின் மூலம் பழையது. 1936இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கர்ட் ரிக்டர் எலிகளின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றினார். ஆல்டோஸ்டிரோன் இல்லாததால் சிறுநீரில் உப்பு தடையில்லாமல் ஓடியது, சாதாரண உணவோடு விடப்பட்ட எலிகள் சீக்கிரமே செத்தன. பக்கத்தில் 3 சதவீத உப்புத் தண்ணீரும் வைத்தபோது அவை அதை நிறையக் குடித்துப் பிழைத்தன. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாக்கின் சுவை நரம்புகளை வெட்டிய பிறகு அப்படிப்பட்ட எலிகளுக்கு உப்பைக் கண்டுகொள்ள முடியவில்லை. கண்காணிப்பவன் வயிறு அல்ல, நாக்கு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1940இல், அதே ரிக்டர் லாசன் வில்கின்ஸ் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து ஒரு சிறுவனின் வழக்கை எழுதினார். மூன்றரை வயது. பிஸ்கட்டில் உள்ள உப்பை நக்கிவிட்டு மீதியைப் போட்டுவிடுவான். பன்றி இறைச்சியின் உப்பைச் சப்புவான். ஒன்றரை வயதில் அவன் பேசக் கற்ற சொற்களில் ஒன்று 'உப்பு'. வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் சாப்பாட்டையே போட்டார்கள். ஏழாம் நாள் இறந்துபோனான். உடற்கூறு பார்த்தபோது அவனுடைய அட்ரினல் சுரப்பியின் புற அடுக்கு கெட்டிருந்தது தெரிந்தது. வீட்டில் அவனைக் காப்பாற்றி வைத்திருந்தது உப்பு டப்பாவைத் தேடி எடுக்கும் சுதந்திரம்.

இந்த வழக்கை நினைக்காமல் என்னால் ஒரு தீவனத் தொட்டியைக்கூடப் பார்க்க முடிவதில்லை. பசி சரியாக வேலை செய்தது, தேர்வுதான் பறிபோனது.

ஆட்டுக்கு எவ்வளவு தெரியும்

மெல்பர்னில் டெரெக் டென்டன் பல பத்தாண்டுகள் செம்மறியாடுகளில் இதை அளந்தார். கன்னத்தில் உள்ள ஓர் எச்சில் சுரப்பியின் குழாயை வெளியே திருப்பிவிட்டால் எச்சிலோடு சோடியமும் தினம் வெளியேறும். அந்த ஆட்டுக்குச் சோடா உப்புக் கரைசலைக் கொஞ்ச நேரமே காட்டினாலும் இழந்த அளவுக்கு நெருக்கமாகக் குடித்துவிட்டு நிறுத்திவிடும். கரைசலை நீர்க்க வைத்தால் அதிகம் குடிக்கும், கெட்டியாக்கினால் குறைத்துக்கொள்ளும். குடித்தது இரத்தத்தில் சேருவதற்கு முன்பே நிறுத்துகிறது என்பதுதான் இதில் மர்மம்.

மர்மத்தின் ஒரு பகுதி பின்னால் எலிகளில் அவிழ்ந்தது. மூளைத்தண்டில் ஒரு சிறு கூட்டம் நரம்பணுக்கள் ஆல்டோஸ்டிரோனை உணர்ந்து விழிக்கின்றன. சிறுநீரகத்தின் தூண்டுதலால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் மூளையின் இன்னொரு முனையில் தட்டுகிறது. இரண்டும் சேரும்போது ஆசை பெருகுகிறது. 2019இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் யூக்கி ஓக்காவின் குழு, உப்புப் பசியை எழுப்பும் நரம்பணுக்களை நாக்கில் படும் உப்பின் சுவையே சட்டென்று அடக்குவதைக் காட்டியது. குழாய் வழியே நேராக வயிற்றில் செலுத்திய உப்புக்கு அந்த வேகம் இல்லை.

நாக்கிலேயே இரண்டு வாசல்கள். குறைந்த அடர்த்தியில் உப்பு, சோடியத்துக்கென்றே உள்ள ஒரு கால்வாய்வழி நுழைந்து 'நல்லது' என்கிறது. அடர்த்தி மிகுந்தால் கசப்பையும் புளிப்பையும் உணரும் அணுக்களையும் தட்டி எழுப்பி 'போதும்' என்கிறது. கடல் தண்ணீர் ஒரு மடக்கு வாயில் போனால் முகம் சுளிப்பது இதனால். உப்பு இழந்த விலங்கில் இந்தச் சுளிப்பே மாறிவிடும். முன்பு வெறுத்து ஒதுக்கிய, கடும் உப்பு வருவதைக் காட்டும் அடையாளத்தைக்கூட, சோடியம் குறைந்த உடனே, மறுபடி ருசித்துப் பார்க்காமலேயே எலி ஓடிப்போய்த் தேடுவதை 2013இல் மைக் ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் சாக்கடல் அளவு உப்புக் கரைசலை வைத்துக் காட்டினார்கள்.

இதையெல்லாம் கேட்ட முதலாளி கேட்டார்: "அப்போ ஆட்டுக்கு என்ன வேணும்னு ஆட்டுக்கே தெரியும். எல்லாத் தாது உப்பையும் தனித்தனிக் கிண்ணத்துல வெச்சிடலாமே?"

கூடாது. என் கருத்தில் இந்த வழக்கில் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். பிறவியிலேயே அடையாளம் தெரிந்து தேடும் தாது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது சோடியம். மற்றவை பெரும்பாலும் அனுபவத்தில் பழகுபவை. 1960களில் பால் ரோசின் என்ற உளவியலாளர் தயமின் என்ற வைட்டமின் குறைந்த எலிகளைப் பார்த்தார். அவற்றுக்குத் தயமின் எது என்று தெரியவில்லை. பழைய உணவை வெறுத்துப் புதியதைத் தின்றுபார்த்தன, உடம்பு தேறினால் அதைப் பிடித்துக்கொண்டன. வழி வேறு, வேகம் வேறு, பிழைக்கும் வாய்ப்பும் வேறு. கால்சியமும் செம்பும் துத்தநாகமும் கிண்ணத்தில் கிடந்தால் ஆடு தேவைக்குச் சரியாக அள்ளும் என்று நம்பி உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வோம். தாது உப்புக் கட்டியை ஆடு நக்குவது அதிலுள்ள செம்புக்காக அல்ல, உப்புக்காக. மற்றது எல்லாம் உப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது. தீவன ஆலைக்காரர்களுக்கு இது தெரியும். ஆடு எவ்வளவு தின்ன வேண்டும் என்பதைக் கலவையில் உப்பைக் கூட்டியும் குறைத்தும் அவர்கள் கட்டுப்படுத்துகிறார்கள்.

மாமிச உண்ணிக்கு இந்தப் பிறவி அறிவும் தேவைப்படவில்லை. இரையின் இரத்தத்திலேயே உப்பு உண்டு. பூனைக்குட்டிகளுக்குச் சோடியம் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அவற்றிடம் உப்பு ஆசை எழவே இல்லை. கொட்டகைப் பூனை உப்புக் கட்டியின்மேல் ஏறிப் படுத்திருக்குமே தவிர ஒருநாளும் நக்காது.

இலை தின்பவைக்குத்தான் இந்தத் தொல்லை. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் மூஸ் என்னும் பெரிய மான்கள் கோடையில் ஏரிக்குள் இறங்கித் தலையை முக்கி நீர்ச்செடி தின்கின்றன. நிலச்செடிகளைவிட அந்த நீர்ச்செடிகளில் சோடியம் பல மடங்கு. ஆனால் அவை தண்ணீர் நிறைந்தவை, சக்தி குறைந்தவை. அதை மட்டும் தின்றால் வயிறு நிறைந்தும் உடம்பு பசிக்கும். நில இலைகளை மட்டும் தின்றால் சக்தி உண்டு, உப்பு இல்லை. இரண்டையும் எந்த அளவில் கலந்தால் இரு தேவையும் தீரும் என்று கேரி பெலோவ்ஸ்கி 1978இல் கணக்கிட்டார். மான்கள் தின்ற விகிதம் அந்தக் கணக்குக்கு மிக அருகில் இருந்தது. விலங்கு உணவுத் தேர்வின் மூலம் உப்பைச் சமன் செய்கிறது என்பது இதுதான். அதற்குக் குறைந்தது இரண்டு தட்டுகள் வேண்டும். கொட்டகை ஆட்டுக்கு நாம் வைப்பது ஒரே தொட்டி. தேர்வதற்கு ஒன்றுமில்லாத ஆடு சுவரைத் தேர்ந்தெடுத்தது.

கட்டி தொங்கியது, ஆனால் யாருக்கு?

"உப்புக் கட்டி தொங்கிக்கிட்டுத்தானே இருக்கு" என்றார் முதலாளி. உண்மை. வாசல் கம்பத்தில் ஒன்று தொங்கியது. தூரத்திலிருந்து கவனித்தால் விஷயம் புரிந்தது. கொம்பு முளைத்த வயதான இரண்டு ஆடுகள் அந்த இடத்தைப் பட்டா போட்டு வைத்திருந்தன. முதல் ஈற்று இளம் ஆடு ஒன்று தயங்கித் தயங்கி அருகில் போனது, கழுத்தை நீட்டியது. பெரிய ஆடு தலையைத் தாழ்த்தியதும் திரும்பிவிட்டது. முட்டல்கூட நடக்கவில்லை. இந்தப் பார்வை பரிமாற்றத்தில்தான் இளம் ஆட்டின் பங்கு போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. தொழிலாளி ஊர் வழக்கப்படி தவிட்டுத் தண்ணீரில் ஒரு கை உப்பு போட்டு வந்தார். "நான் போடாம இருந்ததே இல்ல சார்" என்று அடித்துச் சொன்னார். உப்புப் பையைக் காட்டச் சொன்னேன். பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைத்த உப்பு. முதலாளியின் மனைவிக்கு இரத்தக் கொதிப்பு. வீட்டுச் சமையலுக்கு அதை மாற்றியபோது கொட்டகைக்கும் அதே பை வந்துவிட்டது. சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக நாளொன்றுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம், அதாவது ஏறத்தாழ 9 கிராம் உப்பு, உண்பதாக 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு 5 கிராம். முதலாளியின் மனைவி உப்பை மாற்றியது முற்றிலும் சரி. உப்பைக் குறைக்கச் சொல்லும் பிரசாரத்தின் இலக்கு ஆடு அல்ல, அவ்வளவுதான். ஏற்கெனவே பொட்டாசியத்தில் மூழ்கியிருந்த ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் பொட்டாசியம் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பெரிய தப்பு இல்லை. பெல்லட் குறைந்தது, சக்கை வந்தது, கட்டி ஓரிடத்தில் தொங்கியது, உப்புப் பை மாறியது. நான்கும் ஒரே பருவத்தில் சேர்ந்துகொண்டன.

செய்தது

முதல் வேலை தண்ணீர். உப்புக்கு ஏங்கிய மந்தைக்குத் திடீரென்று உப்பைத் திறந்துவிட்டால் அளவு மீறித் தின்னும். பக்கத்தில் தாராளமாகத் தண்ணீர் இல்லையென்றால் உப்பு நஞ்சேறி, மூளை வீங்கி, ஆடு கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி விழும். தேவைக்குக் கீழே இருக்கும் விலங்குக்குத் தேடத் தெரியும், தேவைக்கு மேலே போனால் அதைக் காப்பாற்றுவது தண்ணீரும் சிறுநீரகமும்தான். தொட்டிகளைக் கழுவி, குழாயின் ஓட்டத்தைச் சரிபார்த்த பிறகே உப்பைத் தொட்டோம்.

தவிட்டுத் தண்ணீருக்குச் சாதாரணக் கல்லுப்பு திரும்பி வந்தது, அளந்து. வெறும் உப்புக் கட்டிகள் கொட்டகையின் பல மூலைகளில், ஓர் ஆடு நின்று மறைக்க முடியாத தூரத்தில் தொங்கின. கால்சியம், பாஸ்பரஸ், செம்பு முதலியவற்றை ஆட்டின் விருப்பத்துக்கு விடாமல் அடர்தீவனத்தில் கலந்தோம். சோயாச் சக்கையை நிறுத்தவில்லை. நல்ல தீவனம் அது, உப்பில்லாத தீவனம் என்று தெரிந்துகொண்டு போட்டால் போதும்.

ஆடுகள் தொடக்கத்தில் கட்டிகளை விட்டு நகரவில்லை. பிறகு ஆசை அடங்கி, போகிற வழியில் ஓரிரு நக்கு என்ற அளவுக்கு வந்தது. சுவர் நக்கல் நின்றது. பால் மெல்ல ஏறியது. மருத்துவர் மீண்டும் எச்சில் எடுத்தபோது விகிதம் திரும்பியிருந்தது.

ஓர் இளம் ஆடு மட்டும் எச்சில் சரியான பிறகும் கட்டியை விடவில்லை. இது நோயல்ல. ஒருமுறை கடுமையாகச் சோடியம் இழந்த எலி, தேறிய பிறகும், அடுத்த முறை முன்னைவிட அதிகமாக உப்புக் குடிப்பதை 1980களில் ஆலன் எப்ஸ்டீனின் ஆய்வகம் காட்டியிருக்கிறது. ஏங்கிய அனுபவம் மூளையில் தங்கிவிடுகிறது. அந்த ஆட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன்.

மிஞ்சிய சோடியம் குறைத்த உப்புப் பையை என்ன செய்வது என்று தொழிலாளி கேட்டார். முதலாளியின் மனைவி அதை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். "இது எனக்குத்தான்பா. ஆட்டு உப்பை இனிமே என் சமையலறையில வெச்சுடாதீங்க."